"பாராசிட்டமால் போடுங்கள், சரியாகிவிடும்": இங்கிலாந்தில் காது கொடுக்காத டாக்டரைக் கேட்க வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் இருந்தபடி என் அம்மா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததை இங்கே கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. வீடியோ காலில், "ஏட்டி, கீழ்க்கண்ணை இழுத்துக் காட்டு" என்றாள். காட்டினேன். "வெளுத்துப் போய்க் கிடக்கே, உடம்புல ரத்தமே இல்லையே" என்றாள்.

இங்கே முதல் டாக்டர் சொன்னது, "சின்னக் குழந்தை வைத்திருக்கிறீர்கள், களைப்பு சகஜம்." இரண்டாம் முறை போனபோது, "சில பெண்களுக்கு மாதவிலக்கு கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்." மாடிப்படி ஏறினால் காதுக்குள் இதயம் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் மிகைப்படுத்துகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் முறை வேறொரு டாக்டரிடம், வேறு மாதிரி பேசினேன். இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 94 என்று வந்தது. அம்மாவிடம் சொன்னால், "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலா? நல்லாத்தானே இருக்கு?" என்கிறாள். ஊர்க் கணக்கில் அது 9.4, அதாவது இரத்தசோகை.

அந்த "வேறு மாதிரி பேசுவது" என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பற்றியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பேசும் விதம் ஒன்றுதான், ஆனால் புகார் போகும் இடம் வேறு. நெஞ்சுவலி, மூச்சு முட்டுவது, வாய் கோணுவது, நிற்காத இரத்தப்போக்கு என்று வந்தால் இதில் எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 999 அழையுங்கள். அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 111.

முதலில், எதிரே இருப்பவர் யார்?

ஊரில் நமக்குப் பழக்கம் என்ன? வயிறு வலித்தால் வயிற்று டாக்டர், தோல் அரித்தால் தோல் டாக்டர். பலகையில் எம்.டி., டி.எம். பார்த்துவிட்டு உள்ளே போகிறோம். சாயங்காலத்துக்குள் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் முடிந்துவிடும். டாக்டர் பத்துக் கேள்வி கேட்பார், நாம் பதில் சொல்வோம். ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கும்.

இங்கே எல்லாமே ஜி.பி. என்கிற பொது மருத்துவர் வழியாகத்தான். அவசர சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர, நிபுணரைப் பார்க்க அவருடைய கடிதம் வேண்டும். பெரும்பாலும் ஒருவருக்குப் பத்து நிமிடம்தான். தேவையில்லாத பரிசோதனையையும் ஆன்டிபயாட்டிக்கையும் தவிர்க்கச் சொல்லித்தான் அவருக்குப் பயிற்சியே. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் அனுப்பினால் அது அலட்சியம் இல்லை, சரியான வைத்தியம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள். எல்லா "பாராசிட்டமால்" பதிலும் அவமதிப்பு இல்லை. எது அவமதிப்பு, எது வைத்தியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் சண்டை போட வேண்டிய இடத்தில் தெம்பு மிச்சம் இருக்கும்.

இன்னொன்று. இங்கே டாக்டர் உங்களையே கேட்பார்: "உங்களுக்கு இது என்னவாக இருக்கும் என்று தோன்றுகிறது?" எனக்கு முதல் தடவை எரிச்சலாக வந்தது. அது தெரிந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன்? பிறகுதான் தெரிந்தது, நோயாளியின் எண்ணம், பயம், எதிர்பார்ப்பு மூன்றையும் கேட்கும்படி அவர்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று. அது உங்களுக்காகத் திறந்துவிடும் கதவு. "தெரியவில்லை டாக்டர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று பணிவாகச் சொன்னால் அந்தக் கதவை நாமே சாத்திவிட்டு வருகிறோம். "என் அம்மாவுக்குத் தைராய்டு இருக்கிறது, எனக்கும் அதுவோ என்று பயமாக இருக்கிறது, இரத்தப் பரிசோதனை செய்வீர்கள் என்று எதிர்பார்த்து வந்தேன்." மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில்.

வாங்கும் அப்பாயின்ட்மென்ட்டிலேயே வேலை ஆரம்பம்

காலை 8 மணிக்கு போனில் வரிசையில் நிற்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரையாகிவிடும். 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஜி.பி. நிலையங்கள் வேலை நேரம் முழுக்க ஆன்லைன் படிவத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று விதி. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வசதிக்காக மட்டும் இல்லை. நீங்கள் எழுதியது எழுத்தில் நிற்கும். வாயால் சொன்னது ரிசப்ஷனில் சுருங்கி "டயர்ட்" என்று ஒற்றைச் சொல்லாக டாக்டரிடம் போய்ச் சேரும்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. விஷயம் பெரிதாக இருந்தால் இரட்டை அப்பாயின்ட்மென்ட். பெண் டாக்டர் வேண்டுமானால் அதையும் வெட்கப்படாமல் சொல்லலாம். அதே பிரச்சினைக்கு முன்பு பார்த்தவரே வேண்டும் என்றோ, வேறொருவர் வேண்டும் என்றோ கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் இலவசம், தமிழுக்கும் உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மாமியாரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். மகன் மொழிபெயர்த்தால் எந்த அம்மாவும் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று சொல்ல மாட்டாள்.

ஒரு தாள்

ஒரே ஒரு தாள். ஊரில் செய்துகொண்ட மாஸ்டர் ஹெல்த் செக்கப்பின் நாற்பது பக்கத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைக்காதீர்கள். பார்க்க அவருக்கு நேரமில்லை. தவிர, அலகுகளும் வேறு. ஹீமோகுளோபின் நம்மூரில் 9.4 என்றால் இங்கே 94. சர்க்கரை ஊரில் 180 என்றால் இங்கே 10, அதாவது பதினெட்டால் வகுக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி. 6.5 சதவீதம் இங்கே 48. வைட்டமின் டி ஊர் எண்ணை இரண்டரையால் பெருக்க வேண்டும். தேவையான இரண்டு மூன்று எண்களை இங்குள்ள அலகுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு பிராண்ட் பெயர் எழுதாதீர்கள். டோலோ 650 என்றால் இங்கே யாருக்கும் தெரியாது, பாராசிட்டமால் 650 மில்லிகிராம் என்று எழுதுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் இவர்களுக்கு வேண்டிய பெயர். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து கலந்திருந்தால் இரண்டையும் எழுத வேண்டும்.

மீதித் தாளில் எழுத வேண்டியது: எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இதனால் என்ன வேலை செய்ய முடியவில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். "ரொம்ப வலி" என்பதைவிட "இந்த மாதம் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை" என்பது கனமானது. "மாதவிலக்கு அதிகம்" என்று நான் இரண்டு முறை சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறை தாளில் இப்படி இருந்தது: ஒன்றரை மணிக்கு ஒரு பேட், எட்டு நாள், பத்துப் பென்ஸ் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், இரவில் இரண்டு பேட் சேர்த்து. அந்த நாணய அளவு என் கண்டுபிடிப்பு இல்லை. என்.எச்.எஸ். இணையப் பக்கமே அப்படித்தான் அளக்கச் சொல்கிறது. அவர்களுடைய அளவுகோலிலேயே அளந்து கொடுத்தால் "சிலருக்கு அப்படித்தான்" என்று சொல்ல இடமில்லாமல் போகிறது.

வலிக்கு ஆங்கிலத்தில் பெயர்

நம் சிக்கலில் பாதி இங்கேதான். தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, சுருக்கென்று வருவது, விண்விண் என்று தெறிப்பது. ஆங்கிலத்துக்கு மாறியதும் எல்லாவற்றையும் "பெயின்" என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். டாக்டருக்கோ அந்த வகைதான் துப்பு. குத்தலுக்கு ஸ்டாபிங், எரிச்சலுக்கு பர்னிங், விண்விண்ணுக்கு த்ராபிங், பிடித்துப் பிடித்து விடுவதற்கு க்ராம்பிங், கால் உளைச்சலுக்கு டல் ஏக், மதமதப்புக்கு நம்னெஸ், மின்சாரம் போலச் சுருக்கென்று பாய்வதற்கு ஷூட்டிங். இவ்வளவு தெரிந்தால் போதும்.

மயக்கம் என்ற சொல்லில் கவனமாக இருங்கள். அறை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று பாதை. முதலாவது என்றால் காதைப் பார்ப்பார்கள், மற்ற இரண்டு என்றால் இரத்த அழுத்தம், இதயம் என்று போவார்கள். "அறை சுற்றியதா, கண் இருட்டியதா, விழுந்தேனா" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அதைவிட ஆபத்தான சொல் "கேஸ்". நெஞ்சில் ஒரு அழுத்தம் வந்தாலே "வாயுதான், கேஸ் டிரபிள்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம், அம்பது வயது ஆண்கள் முக்கியமாக. நீங்கள் கேஸ் என்று சொன்னால் கேட்பவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தெற்காசியர்களுக்கு இதய நோய் அபாயம் அதிகம். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், உணர்ந்ததைச் சொல்லுங்கள்: எங்கே அழுத்துகிறது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, நடந்தால் கூடுகிறதா, வேர்க்கிறதா.

"ஐ ஹாவ் சுகர்", "ஐ ஹாவ் பிரஷர்" இரண்டும் இங்கே புரியாது. டயாபிடிஸ், ஹை பிளட் பிரஷர். லூஸ் மோஷனுக்கு டயரியா. உடம்புச் சூடு என்பதற்கு மொழிபெயர்ப்பே கிடையாது, முயற்சி செய்யாதீர்கள். என் கணவர் ஒரு முறை முயன்று, டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிடம்

உள்ளே போனதும் "ஹவ் ஆர் யூ?" என்பார்கள். "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்று வாய் தானாகச் சொல்லும். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுவது நம் வழக்கம். "நன்றாக இல்லை, அதனால்தான் வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், தப்பில்லை.

பெரிய விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள். நாம் ஊர்ப் பேச்சு வழக்கப்படி சளியில் ஆரம்பித்து, முட்டிவலி வழியாக, எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தபிறகு "அப்புறம் டாக்டர், மலத்தில் இரத்தம் வருது" என்போம். அதற்குள் நேரம் முடிந்திருக்கும். முதல் தடவை என்னை "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று அந்த டாக்டர் கேட்கத்தான் கேட்டார். ஆண் டாக்டர், மாதவிலக்கைப் பற்றிப் பேசக் கூச்சம், "நோ டாக்டர்" என்று வந்துவிட்டேன். என்.எச்.எஸ். செயலியில் என் மருத்துவப் பதிவைத் திறந்து பார்த்தபோது "வேறு கவலைகள் எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்த வரியை நானே சொல்லி எழுத வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை எல்லாம் சொன்னபிறகும் தட்டிக் கழித்தது அவர்கள் பங்கு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தலையாட்டுவதையும் கொஞ்சம் அடக்குங்கள். அந்தப் பக்கவாட்டு ஆட்டம் இவர்களுக்குச் சம்மதமா மறுப்பா என்றே புரியாது. வாயால் சொல்லிவிடுங்கள்.

"வேண்டாம்" என்று சொன்னால் என்ன சொல்வது?

சத்தம் போட்டால் காரியம் கெடும். மிரட்டும் நோயாளி என்று பதிவாகிவிட்டால் அதற்கப்புறம் எது சொன்னாலும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பலன் தந்தது அமைதியான மூன்று கேள்விகள்.

முதலாவது: "இதைத் தவிர வேறு என்னவாக இருக்கலாம்? அவற்றை எப்படி இல்லையென்று முடிவு செய்தீர்கள்?" யோசிக்காமல் சொன்ன பதிலாக இருந்தால் இந்த இடத்தில் டாக்டர் மறுபடி யோசிப்பார். யோசித்துத்தான் சொன்னார் என்றால் விளக்கம் கிடைக்கும், அதுவும் நல்லதுதான்.

இரண்டாவது: "வழிகாட்டியில் இப்படி இருக்கிறதே, எனக்கு ஏன் பொருந்தாது?" இங்கே நைஸ் என்ற அமைப்பு நோய் வாரியாக மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதிக மாதவிலக்கு பற்றிய வழிகாட்டியில், இந்தப் பிரச்சினையோடு வரும் எல்லாப் பெண்களுக்கும் முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒரே வரி இருக்கிறது. அந்த வரியைத்தான் மூன்றாம் டாக்டரிடம் காட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை, "ஆமாம், செய்திருக்க வேண்டும்" என்றார். கூகுளில் படித்தேன் என்றால் சிரிப்பார்கள், நைஸில் படித்தேன் என்றால் சிரிக்க முடியாது. நம் இனத்துக்கென்று தனி எண்களும் அதில் உண்டு. தெற்காசியர்களுக்கு அதிக எடை என்பது, உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. 23-லேயே தொடங்குகிறது, 25-இல் அல்ல. "ஒல்லியாகத்தான் இருக்கிறீர்கள், சர்க்கரை எல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, இருப்பதிலேயே கூர்மையானது: "நான் இந்தப் பரிசோதனையைக் கேட்டேன், வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள், இன்ன காரணம் என்று என் பதிவில் எழுதிவிடுங்கள்." ஆங்கிலத்தில் "குட் யூ ப்ளீஸ் நோட் தட் இன் மை ரெக்கார்ட்ஸ்?" என்றால் போதும். குரல் உயர்த்தத் தேவையே இல்லை. தன் பெயருக்குக் கீழே எழுத வேண்டும் என்றதும் பலர் பரிசோதனையையே எழுதிவிடுகிறார்கள்.

எழுந்திருப்பதற்கு முன் நாள் குறித்துக்கொள்ளுங்கள். "எத்தனை நாளில் சரியாக வேண்டும்? ஆகாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?" "சரியாகாவிட்டால் வாருங்கள்" என்பது பதில் இல்லை. "மூன்று வாரம்" என்பதுதான் பதில்.

மூன்றாவது முறை

ஜெசிக்கா பிராடி என்ற 27 வயதுப் பெண், தன் ஜி.பி. நிலையத்தை இருபது முறைக்கு மேல் தொடர்புகொண்டும் புற்றுநோய் மிகத் தாமதமாகவே கண்டுபிடிக்கப்பட்டு 2020 டிசம்பரில் இறந்துபோனார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 2025 செப்டம்பரில் ஜெஸ்ஸின் விதி இங்கிலாந்தில் வந்தது. ஒரே அறிகுறியோடு, அல்லது கூடிக்கொண்டே போகும் அறிகுறியோடு ஒருவர் மூன்று முறை வந்தால், ஜி.பி. முதலிலிருந்து யோசிக்க வேண்டும். நேரில் பார்ப்பது, பழைய பதிவைப் புரட்டுவது, இன்னொரு டாக்டரைக் கலந்தாலோசிப்பது, நிபுணரிடம் அனுப்புவது எல்லாம் அதில் அடக்கம். "இது மூன்றாவது முறை, ஜெஸ்ஸின் விதிப்படி மறுபரிசீலனை செய்வீர்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எத்தனையாவது முறை என்ற கணக்கை நீங்கள் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டரைப் பார்த்தால், எல்லாருக்கும் நீங்கள் முதல் முறை வந்தவர்தான்.

இரண்டாவது கருத்து கேட்பது சட்டப்படியான உரிமை இல்லை, ஆனால் கேட்டால் மறுப்பது அபூர்வம். நிபுணருக்குக் கடிதம் கிடைத்துவிட்டால் எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் உங்களுக்கு உண்டு. பக்கத்து ஊரில் காத்திருப்பு குறைவாக இருந்தால் அங்கே போங்கள்.

லீவுக்கு ஊருக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டு வருவதைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். நல்ல வழிதான், ஆனால் அறிகுறி இருக்கும்போது டிசம்பர் லீவு வரை காத்திருப்பது நல்ல வழி இல்லை.

மருத்துவமனையில் படுத்திருக்கும்போது

மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-இல் இரத்தத் தொற்றால் இறந்தாள். சைக்கிளில் விழுந்து கணையத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தவள். நிலைமை மோசமாகிறது என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணையில் தெரிந்தது. 2024 முதல் நடைமுறைக்கு வந்த மார்த்தாவின் விதிப்படி, நோயாளியோ குடும்பத்தாரோ வார்டு டாக்டர்களைத் தாண்டி, தீவிர சிகிச்சைக் குழுவை எந்த நேரமும் நேரடியாக அழைத்து மறுபரிசீலனை கேட்கலாம். அட்மிட் ஆன அன்றே நர்ஸிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி போனில் போட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுப்புத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் எண்ணை நம்பி அடங்கிவிடாதீர்கள்.

புகார்

முதலில் பதிவுகளை வாங்குங்கள். என்.எச்.எஸ். செயலியில் கொஞ்சம் கிடைக்கும். முழுவதும் வேண்டுமானால் நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். புகாரை ஜி.பி. நிலையத்தின் மேலாளருக்கு எழுதலாம். அவர்களிடம் நேராகப் போக மனமில்லையென்றால் உங்கள் பகுதி மருத்துவச் சேவைகளைக் கவனிக்கும் ஐ.சி.பி. என்ற அமைப்புக்கு எழுதலாம், இரண்டில் ஒன்றுதான். மருத்துவமனை என்றால் முதலில் பால்ஸ் என்ற உதவிப் பிரிவுக்குப் போங்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நடந்து 12 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 3 வேலை நாளுக்குள் கிடைத்தது என்று பதில் வர வேண்டும். இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால், என்.எச்.எஸ்.ஸுக்கு வெளியே நின்று புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன், அதற்கும் கட்டணம் இல்லை. தேதி, யார், என்ன சொன்னேன், என்ன சொன்னார்கள், அதனால் என்ன ஆனது, என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மனக்குமுறலை எல்லாம் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், புகாரில் வேண்டாம்.

விசா ரத்தாகுமோ என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புகாருக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. தவிர, நாம் யாரும் இங்கே தர்மத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை. வேலை விசாவில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் வீதம் சுகாதாரக் கட்டணத்தை, சில பிரிவினர் தவிர, விசா விண்ணப்பத்தோடேயே கட்டியாகிவிட்டது. அதற்கு மேல் சம்பளத்தில் பிடிக்கும் வரி தனி.

நான் புகார் கொடுக்கவில்லை, நிலையத்தை மாற்றிக்கொண்டேன். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்று பதிவை மறுக்கவும் கூடாது. பதிவுகள் பழைய இடத்திலிருந்து தானாகவே போய்ச் சேரும். இரும்பு மாத்திரை ஆரம்பித்து நான்கு மாதம் கழித்து புது நிலையத்தில் இரத்தம் எடுத்தார்கள், 121. இந்த முறை அம்மாவுக்குப் பத்தால் வகுத்துச் சொன்னேன்.